பாட்டுத்தாளும் பழைய கடவுச்சொல்லும்

பிரின்டர் திருத்தப் போகிறவனை எந்த வீடும் ஒரே வசனத்தோடுதான் வரவேற்கும்: "நாங்கள் ஒண்டும் செய்யேல்லை." வைஃபையை மாற்றிவிட்டு, அசையாத பிரின்டருக்கு முன்னால் குந்தியிருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். மனைவி இறந்தபின், பொழுதுபோக நானாகப் படித்த தொழில் இது. வருடங்கள் பல கழிந்தும் இன்னும் திடுக்கிடுகிறேன்.

இரகசியம்

கோண்டாவிலில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர். வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றிய நாளிலிருந்து பிரின்டர் வேலை செய்யவில்லை என்றார். புதிய கடவுச்சொல்லைப் பிரின்டருக்குக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, என் காதோடு சொன்னார்: "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ எண்டல்லோ தம்பி கொம்பனியாலை அறிவிச்சவை. மிசினுக்குச் சொன்னால் பிழையில்லையோ?"

நேரலை

மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு செத்தவீடு. இறந்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார். தன் அடக்க ஆராதனைக்கான பாட்டுகளைத் தானே தெரிந்தெடுத்து, கணினியில் அடித்து வைத்துவிட்டுப் போயிருந்தார். மூன்று மணிக்கு ஆராதனை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அச்சடிக்கும் கடைகள் பூட்டு. வீட்டுப் பிரின்டரோ காலையிலிருந்து ஊமை. "அவர் தெரிஞ்செடுத்த பாட்டுத்தான் பாடவேணும்" என்று அவருடைய மனைவி புஷ்பமக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

காரணத்தைக் கனடாவிலிருந்து வந்த மகன் ரவி சொன்னார். வந்த சனமெல்லாம் வீட்டு வைஃபையில் இருந்ததால் ரொறன்ரோச் சொந்தக்காரருக்குப் போகும் செத்தவீட்டு நேரலை தடைப்பட்டதாம். விடியவே வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றி எல்லாரையும் வெட்டிவிட்டார். பிரின்டரும் சேர்த்து வெட்டுப்பட்டது. "என்ன செய்யிறது அண்ணை, அப்பாவின்ரை பெட்டி அங்கை படத்திலை நிண்டு நிண்டெல்லோ வந்தது."

பந்தலுக்குள் இருந்து வந்த குரல்

தெரிந்த பொத்தான்களையெல்லாம் அழுத்திப் பார்த்தேன். புதிய கடவுச்சொல்லைப் போட உள்ளே போனால், பிரின்டர் தன்னுடைய இரகசிய இலக்கத்தைக் கேட்டது. அது தெரிந்தவர் வீட்டு ஹோலில் பெட்டிக்குள் கிடந்தார். வயர் பூட்டும் வாயும் உடைந்திருந்தது. இனி ஒரு வழிதான். வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் திருப்பிக் கொடுத்தால், பிரின்டர் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

பெயர் தெரியும். கடவுச்சொல் மகனுக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது. ஜன்னலடியில் நின்று நாங்கள் இதைக் கதைத்துக்கொண்டிருக்க, வெளியே பந்தலுக்குள் இருந்த ஒருவர் அதை எழுத்தெழுத்தாகச் சொல்லத் தொடங்கினார். இன்னொருவர் இடையில் திருத்தினார். நான் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன். வேலிப் பிணக்கால் ஐந்து வருடமாக அந்த வீட்டோடு கதைக்காத பக்கத்து வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல் முடித்துவைத்தார்: "கடைசி எழுத்துக் கப்பிட்டல்."

இரண்டு மணி

பழைய பெயர் ஏறிய கையோடு பிரின்டரின் நீல வெளிச்சம் மினுங்காமல் நிலையாக எரிந்தது. முதல் பாட்டுத்தாள் வெளியே வந்தது. அதேநேரம் பந்தலுக்குள் கைபேசிகள் ஒவ்வொன்றாகக் கிணுகிணுத்தன. எல்லாரும் வைஃபைக்குத் திரும்பிவிட்டார்கள். ரொறன்ரோவிலிருந்து ரவிக்கு அழைப்பு வந்தது: படம் நின்றுவிட்டதாம்.

"உடனை மாத்துங்கோ அண்ணை" என்றபடி ரவி ரவுட்டரில் கை வைத்தார். எண்பது தாளாவது இன்னும் வரவேண்டியிருந்தது. புஷ்பமக்கா அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டார். "கனடா கொஞ்ச நேரம் நிண்டு வரட்டும், ராசா. இஞ்சை வந்த சனத்தின்ரை கையிலை அப்பாவின்ரை பாட்டு இருக்கவேணும்."

வைஃபையை மாற்றுகிறவர்கள் யார் யாரை வெட்டுகிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தால், என்னைப்போன்றவர்கள் செத்தவீட்டிலாவது வேலையில்லாமல் ஒரு மூலையில் இருந்து அழலாம்.