பென்சிலில் எழுதிய நாற்பத்தொன்று

மருந்து கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் அவளுக்கு வைத்த பெயர் ‘டிக்‌ஷனரி’. பழைய ஜெர்மன் ஆய்வுக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்ப்பது பத்தொன்பது வருடங்களாக அவள் வேலை. ரத்தம், பித்தம், சிறுநீர் என்று உடம்புக்குள் நடக்கும் ரசாயனமெல்லாம் அவள் மேசையைத் தாண்டித்தான் சோதனைக்கூடத்துக்குப் போகும். ஒவ்வொரு ஜெர்மன் சொல்லுக்கும் ஓர் அட்டை எழுதுவாள். உறுதியானதை மையில், சந்தேகம் உள்ளதைப் பென்சிலில். வீட்டில், துணி அலமாரியின் அடித்தட்டில், ஏழு ஷூ பெட்டிகள் நிறைய அட்டைகள். அது ஒரு நாள் அகராதியாக வரவேண்டும், மேலட்டையில் தன் பெயர் இருக்கவேண்டும். இதைத் தவிர வாழ்க்கையிடம் அவள் பெரிதாக எதையும் கேட்டதில்லை.

அகராதி வந்தது. மேலட்டையில் அக்கா வீட்டுக்காரர் பெயர் இருந்தது.

அவர் கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுப்பவர். ஜெர்மனில் வணக்கம் சொல்லக்கூடத் தெரியாது.

“என்ன டிக்‌ஷனரி, உங்க அத்தான் உங்களையே தூக்கிச் சாப்பிட்டுட்டாரே!” என்று சிரித்தபடி புத்தகத்தை நீட்டினார் சோதனைக்கூட மேலாளர். அவள் சிரிக்கவில்லை. புரட்டிக்கொண்டே போனவள் ‘ரெஸ்ட்ஷ்டிக்ஷ்டோஃப்’ என்ற இடத்தில் நின்றாள். ரத்தத்தில் புரதத்தை நீக்கியபின் மிஞ்சும் நைட்ரஜன் முழுவதற்கும் அந்தக் காலத்து மருத்துவர்கள் வைத்த பெயர். புத்தகத்தில் ‘யூரியா நைட்ரஜன்’ என்று இருந்தது. யூரியா அதில் ஏறக்குறைய பாதிதான். இதை நம்பிப் பழைய அளவுகளைப் படிப்பவருக்கு நல்ல சிறுநீரகம்கூடக் கெட்டுப்போனதாகத் தெரியும்.

அது வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளே பென்சிலில் எழுதிய ஊகம். பிறகு உண்மை தெரிந்தும் அட்டையைத் திருத்தச் சோம்பியிருந்தாள்.

யாரோ அட்டைகளை ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார்கள். ஜெராக்ஸில் மையும் பென்சிலும் ஒரே கறுப்பு. வீட்டுச் சாவி வேறு யாரிடமும் போனதில்லை. போன வருடம் பித்தப்பை ஆபரேஷனுக்காக ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி அக்காவிடம் கொடுத்ததைத் தவிர.

இரண்டு நாள் புத்தகமும் அட்டையுமாக உட்கார்ந்து ஒப்பிட்டாள். மூன்றாம் நாள் மாலை அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“நீதானே எடுத்துக் குடுத்தே?”

அக்கா மறுக்கவில்லை. “பத்தொன்பது வருஷமா பெட்டியில தூங்கிக்கிட்டிருந்துச்சு. நீ எங்கடி போடப்போறே? அவருக்கு ப்ரமோஷனுக்கு ஒரு புத்தகம் வேணும்னாங்க. வேற யாரு, உன் அத்தான்தானே?”

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா.”

“கேட்டா, இன்னும் சரிபார்க்கணும்னு சொல்லியிருப்பே.”

அது உண்மைதான். அதனால்தான் அதிகம் சுட்டது.

“அதுல நாப்பத்தோரு சொல்லு தப்பு. எல்லாம் நான் சந்தேகமா பென்சில்ல எழுதி வெச்சது.”

“ஐயையோ! லிஸ்ட் போட்டு அத்தான்கிட்ட குடுத்துடு. அடுத்த பதிப்புல சத்தமில்லாம திருத்திடுவார்.”

“பதிப்பாளருக்கே எழுதிட்டேன். அத்தனை தப்பும் என்னோடதுன்னு என் பேரைப் போட்டு எழுதிட்டேன். வேணும்னா வந்து அட்டையைப் பாருங்கன்னும் சொல்லிட்டேன்.”

அக்காவின் கையில் பாதி மடித்த சட்டை அப்படியே நின்றது. தங்கையின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

“நான்தான் எடுத்துக் குடுத்தேன்னு எழுதலையே?”

அவள் எழுதவில்லை. ஆனால் அதைச் சொல்லி அக்காவின் வயிற்றில் பால் வார்க்க மனம் வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.