நண்பகலில் அடித்த நீள மணி

1976-ல் "இரண்டே வருஷம்" என்று தொடங்கிய ஏற்பாடு இருபத்தோரு வருஷம் ஓடியது. ஆலைகள் வந்தன, பிள்ளைகள் பெருகினார்கள், வகுப்பறைகள் பெருகவில்லை. அதனால் காலையில் ஒரு பாதி, மதியம் மறு பாதி என்று ஒரே பெஞ்சில் இரண்டு பள்ளிகள் நடந்தன. அரசு அதைத் தற்காலிக ஷிப்ட் முறை என்றது.

அந்த முதல் காலை ஷிப்டில் மூன்றாம் வகுப்பு படித்த பெண்தான் இன்று அதே பள்ளியில் மணி அடிக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் மணியக்கா. நண்பகலில் நீளமாக ஒரு மணி அடித்தால் காலைக் கூட்டம் வெளியே பாயும். அவர் மகளும் அப்படித்தான். கழுத்தில் சாவிக் கயிறோடு பூட்டிய வீட்டுக்குப் போவாள். போன வருஷம் தனியாக அடுப்பு மூட்டப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டாள்.

பின்புறம் புதுக் கட்டடம் எழும்பியதும் முழுநாள் பள்ளி திரும்பி வந்தது, சோதனையாக. "முதல் நாள் மதியம் நானே வந்து பார்ப்பேன். பிள்ளைங்க நிக்கலைன்னா பழையபடி ஷிப்ட்தான்" என்று கல்வி அதிகாரி கறாராகச் சொல்லியிருந்தார்.

அன்று காலை மணியக்கா மகளின் கழுத்திலிருந்து சாவியைக் கழற்றித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். நண்பகலில் அடிக்க வேண்டியது குட்டையான சாப்பாட்டு மணி. அவர் கையோ பழக்கதோஷத்தில் நீள மணியை அடித்துத் தொலைத்தது. கண்மூடித் திறப்பதற்குள் பள்ளி காலி.

"அடிப்பாவி! என்னடி பண்ணிட்ட?" தலைமையாசிரியை ஓடிவந்தார்.

"கை தானா அடிச்சிடுச்சு டீச்சர்."

"சம்பளம் கைக்கா குடுக்கறாங்க? தலைக்கும் சேர்த்துத்தானே!"

மணியக்கா வாசலுக்கு ஓடினார். தெருவில் ஈ, காக்கை கூட இல்லை. இனி அந்தச் சாவி மகளின் கழுத்துக்கே திரும்பிப் போகும்.

அப்போது தெருமுனையில் ஒரு பை தெரிந்தது. மகள்தான், முகமெல்லாம் கோபம்.

"ஏம்மா, சாவியைக் கழட்டி வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போற மணி அடிச்சா எப்படி?"

பின்னாலேயே இன்னொருத்தி. "எங்க வீட்லயும் பூட்டுக்கா. அம்மா இன்னைலேர்ந்து ஆலைல முழு ஷிப்டு."

அப்புறம் கும்பல் கும்பலாக வந்தார்கள். எல்லா அம்மாக்களும் காலையில் அதே காரியத்தைத்தான் செய்திருந்தார்கள்: சாவியைக் கழற்றிக்கொண்டு முழுநாள் வேலைக்குப் போய்விட்டார்கள்.

தலைமையாசிரியைக்கு மூச்சு வந்தது. "உட்கார்ந்து சாப்பிடுங்க பிள்ளைங்களா. அதிகாரி கேட்டா, ஓடிட்டு வந்தது உடற்பயிற்சி வகுப்புன்னு சொல்லிக்கலாம்."

மணியக்கா தூணில் சாய்ந்து சிரித்தார். சிரிப்பு நிற்க நேரமானது.

மூன்று மணிக்கு அதிகாரி வந்தபோது புதுக் கட்டடத்தில் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. வரும் திங்கட்கிழமை பக்கத்து வட்டாரப் பள்ளிகளிலும் முழுநாள் தொடங்குகிறது.