ஸ்டவ்வுக்கு லீவு

மண்ணெண்ணெய் வாடை கையில் ஏறிவிட்டால் சோப்புக்கும் போகாது, சீயக்காய்க்கும் போகாது, அடுத்த வேளை சோறு பிசையும்போதும் விரலோடு கூடவே வரும். தலத்தெருவில் நாங்கள் குடியிருந்த வீட்டில் எப்போதாவது ஒருநாள் காலையில் அந்த வாடைதான் என்னை எழுப்பும். எழுந்ததுமே தெரிந்துவிடும், செல்வி அக்கா ஸ்டவ்வைப் பிரித்துப் போட்டுவிட்டாள், இன்றைக்குப் பழைய சோறும் கடைத் தேநீரும்தான் என்று.

எங்களுடையது "திரி ஸ்டவ்". காற்றடித்து, ஊசி குத்தி, இரைச்சலோடு எரியும் "பம்ப் ஸ்டவ்" என்றால் அம்மாவுக்குப் பயம், அது வெடிக்கும் என்று வீட்டுக்குள்ளேயே சேர்க்கமாட்டாள். திரி ஸ்டவ்வில் காற்றும் இல்லை, அழுத்தமும் இல்லை. விளக்கைப் போலப் பஞ்சுத்திரி எண்ணெயை உறிஞ்சி எரியும், அவ்வளவுதான். இந்த வித்தியாசம் அந்தக் காலத்தில் அடுப்படிப் பக்கம் போன எல்லாருக்கும் தெரியும். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

திரி கருகிக் கட்டையாகி, எவ்வளவு திருகினாலும் மேலே வராமல், சுடர் மஞ்சளடித்துப் பாத்திரமெல்லாம் கரி பிடிக்க ஆரம்பித்தால் அக்கா முற்றத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவாள். துளைத்தகடுகளைக் கழற்றி, முனை வளைத்த கம்பியால் பழைய திரிகளைக் குழாய்களிலிருந்து இழுத்துப் போட்டு, புதுத்திரிகளை நுழைத்து, தலைகளையெல்லாம் கத்தரியால் ஒரே மட்டமாக நறுக்குவாள். அதோடு முடியாது. எண்ணெய் ஊற்றி மூடி வைத்தபின் அன்று முழுக்க யாரையும் அதைப் பற்றவைக்க விடமாட்டாள். எண்ணெய் உச்சிவரை ஏறாத திரியில் தீ வைத்தால் பஞ்சுதான் எரியும், போட்ட திரி பாழ். "ஒரு வாய் காப்பி மட்டும் போட்டுக்கிறேன்டி" என்று அம்மா கெஞ்சினாலும் அசையமாட்டாள். "இன்னிக்கு ஸ்டவ்வுக்கு லீவும்மா" என்பாள். அப்புறம் அந்தக் கையை என் மூக்கில் வைத்துத் தேய்க்க வீடு முழுக்கத் துரத்துவாள். நான் அலறிக்கொண்டு ஓடுவேன்.

அவளை நெடுங்காட்டைத் தாண்டி ஒரு கிராமத்தில், வயலும் வாய்க்காலுமாக இருந்த குடும்பத்தில் கொடுத்தார்கள். கட்டில், பீரோ, பித்தளைக் குடங்களோடு, அவளுக்குப் பழகியது என்று அப்பா ஒரு புதுத் திரி ஸ்டவ்வும் வாங்கி வைத்தார். சீர் பார்க்க வந்த மாமியார் அதை விரலால் தொட்டு, "இப்பல்லாம் கேஸ் அடுப்புதான் வெக்கிறாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

ஆடிக்கு அழைத்து வந்தபோது அக்கா பாதியாக இளைத்திருந்தாள். கேஸ் அடுப்பு, மோட்டார் சைக்கிள் என்று அங்கே ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டுகிறார்கள் என்று அம்மாவிடம் சொல்லி அழுதாள். பக்கத்தில் படுத்திருந்த நான் தூங்கிவிட்டதாக நினைத்தார்கள். மாதம் முடிந்ததும், "இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேனேப்பா" என்று கேட்டாள். "ஆடி முடிஞ்சிடுச்சேம்மா. இனிமே வெச்சிருந்தா நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றார் அப்பா. அந்த நாலு பேர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பஸ் ஏறும் முன் கடைத்தெருவில் அக்கா ஒரு பாக்கெட் ஸ்டவ் திரி வாங்கிக்கொண்டாள். "அங்க யாருக்கும் திரி போடத் தெரியாதும்மா. புகைஞ்சா என்னயத்தான் திட்டுவாங்க."

ஆவணியில் ஒரு மதியம் ஆள் வந்தது. மாமியாருக்குத் தேநீர் போடப் போனாளாம், ஸ்டவ் வெடித்துவிட்டதாம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எனக்கு அவள் முகத்தைக் காட்டவில்லை.

குழந்தை இல்லாமல் இறந்த பெண்ணின் சீரைப் பிறந்த வீட்டுக்கே திருப்பிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். காரியம் முடிந்ததும் டிராக்டரில் எல்லாம் வந்து இறங்கின. "ஒரு கரண்டிகூட கொறையாதுங்க, சரிபாத்துக்குங்க" என்றார் கூட வந்தவர். அவ்வளவு நேர்மையான மனிதர்கள். கடைசியாக இறங்கிய சாக்குக்குள் ஸ்டவ் இருந்தது.

டிராக்டர் போனபின் அம்மா சாக்கை அவிழ்த்தாள். எண்ணெய்த் தொட்டியில் ஒரு நெளிவுகூட இல்லை, பச்சைப் பெயிண்ட் அப்படியே பளபளத்தது. துளைத்தகட்டைத் தூக்கியதும் உள்ளே திரிகள் வெள்ளைவெளேரென்று, ஒரே மட்டமாக நறுக்கப்பட்டு நின்றன. அம்மா ஒவ்வொரு தலையையும் தடவித் தடவி விரலைப் பார்த்தாள். கரி ஒட்டவில்லை.

"ஏங்க, இத அவ பத்தவே வைக்கலங்க" என்றாள். பிறகு, "லீவு விட்டுருக்காங்க எம் பொண்ணு" என்று சொல்லித் தரையில் சாய்ந்தாள். அப்படியொரு குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

மறுநாள் அப்பா அந்த ஸ்டவ்வை அதே சாக்கில் கட்டி, விசாரித்த அதிகாரியிடம் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனார். சாயங்காலம் ஸ்டவ்வோடேயே திரும்பி வந்தார். அம்மாவிடம் அவர் சொன்னதை நான் கேட்டேன். "இது திரி ஸ்டவ்வுங்க, வெடிக்காதுங்க, புதுத்திரி பாருங்கன்னு காட்டுனேன். எல்லா ஸ்டவ்வும் ஸ்டவ்வுதான்யா, போய் வேலையப் பாருன்னுட்டாங்க."

அடுத்து சொந்தக்காரர்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். செய்தது யாரென்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. பெரியப்பாதான் பேசினார். "கேசு கோர்ட்டுன்னு போனா ஊரெல்லாம் நாறிடும். சின்னவ ஒருத்தி இருக்கால்ல? அவள நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?" எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கடைசியில் அப்பாவும் பார்த்தார். அப்போது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். என் கல்யாணத்துக்காக என் அக்காவின் சாவை அன்றைக்கு மூடினார்கள். அதற்கப்புறம் எங்கள் வீட்டிலும் அவள் கதை "ஸ்டவ் வெடிச்சு" என்ற இரண்டு வார்த்தையாகிவிட்டது. அத்தான் அடுத்த தையிலேயே மறுமணம் செய்துகொண்டார். கேஸ் அடுப்போடு என்று கேள்விப்பட்டோம்.

அம்மா அந்த ஸ்டவ்வைத் துணி சுற்றிப் பரணில் ஏற்றினாள். எங்கள் பழைய ஸ்டவ்வில் திரி தீர்ந்தபோது புதுத்திரி போடவும் இல்லை. விறகு வாங்கச் சொன்னாள்.

அப்பா போய் வெகுகாலமாகிறது. அம்மா இந்த மழைக்காலத்தில் போனாள். வீட்டைக் காலி செய்ய நானும் என் மகளும் போயிருந்தோம். ரேஷனில் மண்ணெண்ணெய் ஊற்றுவது நின்றுவிட்டது, கடைத்தெருவில் திரி கேட்டால் சாமி விளக்குக்கா என்கிறார்கள், திரி ஸ்டவ் எது பம்ப் ஸ்டவ் எது என்று சொல்ல இனி ஆள் தேட வேண்டும். பரணிலிருந்து துணிமூட்டையை மகள்தான் இறக்கினாள். ஸ்டவ் என்ற சாமானை அவள் நேரில் பார்ப்பது அதுவே முதல் தடவை.

"இதுவாம்மா பெரியம்மாவோட ஸ்டவ்வு?" என்றாள். தலையாட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள், தகட்டைத் தூக்கிப் பழுப்பேறிய திரிகளைத் தொட்டாள், விரலைப் பார்த்தாள்.

"இது வெடிக்கவே இல்லியேம்மா" என்றாள்.

ஒன்றும் தெரியாத பிள்ளைக்கே ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. அன்றைக்கும் எல்லாருக்கும் புரிந்துதான் இருந்தது.