நிறம் பிரித்த வாரம்

எங்கள் டோர்செட் பார்க் அடுக்குமாடிக் கட்டடத்தை நான் பிளாஸ்டிக் கட்டைகளால் கட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் விளையாடுகிற அதே கட்டைகள்தான். தலையில் குமிழ், அடியில் குழி. ஒன்றை மற்றதன் மேல் வைத்து அழுத்தினால் இறுகப் பிடித்துக்கொள்ளும். பதினான்கு மாடி, முடிந்தால் என் நெஞ்சு உயரத்துக்கு வரும். ஒரு பல்கனியைப் போல இன்னொன்று இராது. ஒன்றில் சைக்கிள், ஒன்றில் காயப்போட்ட துணி, ஆறாம் மாடியில் யாரோ கிறிஸ்மஸுக்கு வைத்து வருடக்கணக்காக உள்ளே எடுக்காமல் விட்டிருக்கும் நத்தார் மரம். அந்த மரத்துக்கு மட்டும் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. வெக்ஸ்போர்ட்டில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். மகள் வேலை கிடைத்து வேறு நகரத்துக்குப் போனபோது அவளுடைய பழைய கட்டைகளைக் குப்பையில் போட மனம் வராமல் கிளறத் தொடங்கியவள், பிறகு நிறுத்தவில்லை. என்னைப் போன்ற பெரியவர்கள் சேர்ந்த ஒரு குழு ரொறன்ரோவில் இருக்கிறது. அந்த வசந்தத்தில் மார்க்கம் நகரத்தில் ஒரு மண்டபத்தில் குழுவின் கண்காட்சி நடக்க இருந்தது. பதினான்கு மாடிக் கட்டடம் கொண்டு வருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். ஒன்பது மாடி முடிந்திருந்தது. கண்காட்சிக்கு ஐந்து கிழமை இருந்தது.

அப்போது என் கணவர் வீட்டில் இருந்தார். தோள்மூட்டில் அறுவைச் சிகிச்சை. வலது கையைக் கழுத்தில் கட்டிய துணித்தொட்டிலில் போட்டுக்கொண்டு, ஆறு கிழமை வேலைக்குப் போக முடியாமல், தொலைக்காட்சிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். பண்டசாலையில் இருபது வருடம் வேலை செய்த மனிதர். சும்மா இருக்கத் தெரியாது.

அந்த வாரம் கடையில் ஒருத்தி லீவு. அவளுடைய நேரத்தையும் நானே செய்ததால் கட்டைகள் இருக்கும் மகளின் அறைப் பக்கம் போகவே இல்லை. வெள்ளிக்கிழமை வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் அவர் வாசலில் நின்றார்.

“கண்ணை மூடிக்கொண்டு வாரும்,” என்றார்.

மூடினேன். அறைக்குள் கூட்டிப் போய்த் திறக்கச் சொன்னார்.

மேசையில் வரிசையாகப் பன்னிரண்டு பெரிய தெளிந்த பெட்டிகள். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் நீலம், ஒன்றில் வெள்ளை, இரண்டில் சாம்பல். புடவைக் கடை அலுமாரி மாதிரி இருந்தது. என்னுடைய சின்ன இழுப்பறைகள், ஐஸ்கிரீம் டப்பாக்கள், பிஸ்கட் தகரங்கள் எல்லாம் வெறுமையாக மூலையில் அடுக்கியிருந்தன.

“நாலு நாள் எடுத்தது. ஒற்றைக் கையால,” என்றார். “முதல் எல்லாம் கலந்து கிடந்தது. இப்ப பாக்க வடிவாயிருக்கு, என்ன?”

கலந்து கிடக்கவில்லை. நான் வடிவத்தால் பிரித்து வைத்திருந்தேன். மூன்று வருடமாக. இரண்டு குமிழ்த் தட்டை ஓர் இழுப்பறை, சரிவுக்கட்டை இன்னொன்று, கதவுப்பிடி மாதிரித் துண்டு இன்னொன்று. பல நிறத்துக்குள் ஒரு வெள்ளைத் துண்டு கண்ணில் தானாகப் படும். ஆயிரம் வெள்ளைத் துண்டுகளுக்குள் நகத்தளவு வெள்ளைத் தட்டையைத் தேடுவது வேறு வேலை.

“வடிவாயிருக்கு,” என்றேன். வேறென்ன சொல்வது? அவருடைய முகம் அப்படி மலர்ந்திருந்தது.

அவர் இன்னும் முடிக்கவில்லை. “தூசியாக் கிடந்தது எண்டு பாத்டப்பில சுடுதண்ணி விட்டுக் கழுவினனான். பிறகு, எட்டாம் மாடியில வீடு மாறிப் போன ஆக்கள் ரெண்டு பை நிறையக் கட்டை தந்தவை. உமக்குச் சாம்பல் காணாது எண்டு சொன்னனீரெல்லோ? அதையும் சேர்த்துப் போட்டனான்.”

நான் சாம்பல் பெட்டிக்குள் கையை விட்டேன். பல்கனித் தரைக்கென்று வாங்கி வைத்திருந்த நீளத் தட்டைகள் சூட்டில் லேசாக வளைந்திருந்தன. பை நிறைய வந்தவை மலிவான போலிக் கட்டைகள். பார்வைக்கு ஒரே மாதிரி. ஆனால் பிடிக்காது, கழன்று விடும். அவை என்னுடையவற்றோடு கலந்து கிடந்தன.

குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டேன்.

அடுத்த நாள் காலை உட்கார்ந்தேன். ஒரு சன்னலுக்கு வேண்டிய நாலு துண்டைத் தேட முக்கால் மணித்தியாலம் போனது. அவர் வந்து எட்டிப் பார்த்து, “இப்ப சுகமா எடுக்கலாம், என்ன?” என்று கேட்டார்.

“என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தானே,” என்றேன். தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. வடிவத்தைச் சொன்னேன், சுடுதண்ணியைச் சொன்னேன், போலியைச் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, “உது சின்னப் பிள்ளையளின்ர சாமான். உதுக்கு ஏன் இவ்வளவு கதை?” என்றார்.

அந்தப் பேச்சைக் கடையில் கேட்டிருக்கிறேன், கோயிலில் கேட்டிருக்கிறேன். சிரித்துவிட்டு வந்திருக்கிறேன். அவரிடமிருந்து முதல் முறை கேட்டேன். அறைக் கதவைச் சாத்தினேன்.

அதன் பிறகு மூன்று கிழமை, வேலையால் வந்து ஒவ்வொரு கட்டையாகத் திருப்பி அடியில் அசலுக்குரிய குறி இருக்கிறதா என்று பார்த்துப் பிரித்தேன். கட்டவில்லை, பிரித்தேன். விரல் நுனி எரிந்தது. அவர் இரண்டு தரம், “தாரும், நானும் பாக்கிறன்,” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கண்காட்சிக்கு ஒரு கிழமை இருக்கும்போது பத்தாம் மாடியை அவசரமாக எழுப்பினேன். கூரைத் தட்டை அழுத்தும்போது பக்கச் சுவர் வெளியே பிதுங்கி, இரண்டு பல்கனிகளை இழுத்துக்கொண்டு விழுந்தது. பொறுக்கிப் பார்த்தேன். நான் தவறவிட்ட போலிகள், சுவருக்குள் ஏழு.

குழுவின் ஒருங்கிணைப்பாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டு வரவில்லை என்றேன். அவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி, பொறுமையான மனிதர். இருப்பதைக் கொண்டு வா, பாதிக் கட்டடம் என்றாலும் கட்டடம்தான் என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

இருந்தும் கண்காட்சி அன்று ஒன்பது மாடியைக் காரின் பின் இருக்கையில் வைத்து இருக்கைப் பட்டி போட்டேன். கணவர் அதன் பக்கத்தில் இருந்து இடது கையால் அணைத்துக்கொண்டார். வேகத்தடை வரும்போதெல்லாம், “மெல்லமா, மெல்லமா,” என்று எனக்குச் சொன்னார். நான் மெல்லத்தான் ஓட்டினேன்.

மண்டபத்தில் என் மேசையைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலானவர்கள் மிச்ச மாடி எங்கே என்று கேட்டார்கள். ஒரு தமிழ்த் தம்பதி கனநேரம் குனிந்து பார்த்தார்கள்.

“உது உங்கட பிள்ளை செய்ததோ?” என்று அந்த மனிதர் கேட்டார்.

“இல்லை அண்ணை,” என்றார் என் கணவர். “நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து செய்தது.”

காலையிலிருந்து அவர் அதைச் சொன்னது மூன்றாவது தரம். முதல் இரண்டு தரமும் நான் மேசைவிரிப்பைச் சரிசெய்வது போல நின்றிருந்தேன்.

“இல்லை அண்ணை,” என்றேன். “நான் செய்தது. தனியச் செய்தனான்.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். “நல்ல வடிவா இருக்கு,” என்று சொல்லி நகர்ந்தார்கள். என் கணவர் தண்ணீர் வாங்கப் போகிறேன் என்று போய், அரை மணித்தியாலம் கழித்து வெறுங்கையோடு வந்தார்.

திரும்பி வரும்போது காரைக் கென்னடி வீதியில் திருப்பினேன்.

“ரெண்டு பேரும் செய்தது எண்டு நான் சொல்லியிருக்கக் கூடாது,” என்றார் பின்னாலிருந்து. “வீட்டில சும்மா இருக்க இருக்க விசர் பிடிச்ச மாதிரி இருந்தது. அந்த நாலு நாளும்தான் எனக்கு ஒரு வேலை இருந்தது.”

“விளங்குது,” என்றேன். விளங்கியது உண்மை. “எண்டாலும் எனக்கு இன்னும் கோவம்தான்.”

“ஓம்,” என்றார். “இருக்கட்டும்.”

பிறகு அவர் வேலைக்குத் திரும்பினார். இப்போது அந்த அறைக்குள் வருவதற்கு முன்னால் கதவில் தட்டுகிறார். கோடையில் பதினான்கு மாடியும் முடிந்தது. பத்தாம் மாடியிலிருந்து மேலே பல்கனித் தரைகள் புதிதாக வாங்கியவை. பழைய சாம்பலும் புதுச் சாம்பலும் ஒரு சாயல் வேறு. பார்க்க வருகிற யாருக்கும் அது தெரிவதில்லை. அறைக்குள் போனால் எனக்கு முதலில் கண்ணில் படுவது இரண்டு சாம்பலும் சந்திக்கிற அந்தக் கோடுதான்.