கலவை தூக்க வந்த அக்கா

இதைப் படிப்பவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் பெயர் சொல்லச் சொன்னாலே அடுத்தவள் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துவிடுவேன். எங்கள் கட்டட வேலைப் பெண்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஆளுக்கு ஒன்று எழுத வேண்டும் என்று இளம் பெண்கள் கேட்டபோது, சுவர் வேண்டுமானால் எழுப்பித் தருகிறேன், எழுத்து வேண்டாம் என்றேன். அவர்கள் விடவில்லை. வேலூர் அக்காவைப் பற்றி எழுதுங்கள் என்றார்கள். உடனே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது அவர் முகமல்ல, மூக்குக் கண்ணாடிதான். தலையில் இருந்த பாண்டு, அதாவது கலவைச் சட்டி, சாய்ந்து, கண்ணாடியின் ஒரு பக்கம் முழுக்க சிமெண்ட் பூசியிருந்தது. மறு பக்கத்தின் வழியாக என்னைப் பார்த்து, "மேஸ்திரி, கலவை எங்க கொட்டணும்?" என்று கேட்டார். எம்.ஏ. படித்தவர் என்னிடம் கேட்ட கேள்வி அது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை. நாங்கள் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் காலனிக்காரர்கள். நிலத்தில் வேலை இல்லாத மாதங்களில் பஸ் பிடித்துத் திருவண்ணாமலைக்குச் சித்தாள் வேலைக்கு வருவோம். அப்போதுதான் ஊரில் லாட்ஜுகளும் வாடகை அறைகளும் பெருகத் தொடங்கியிருந்தன. புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துணி சுருட்டிய சும்மாடு, அதன் மேல் பாண்டு. கொத்தனார் சுவரோடு நிற்பார், நாங்கள் நடந்துகொண்டே இருப்போம். பத்து வருஷம் அந்த வேலையைச் செய்தாலும் ஒருத்தி சித்தாளாகவேதான் இருப்பாள். அதே சாரத்தில் கலவை எடுத்துக் கொடுக்க வந்த ஆண் மூன்றாம் வருஷம் கரணை பிடித்துக் கொத்தனாராகிவிடுவான். கூலியில் பாதிக்குப் பாதி வித்தியாசம். வீடு முடிந்து கிரகப்பிரவேசம் நடக்கும்போது எங்களுக்குப் பின்பக்கத்தில் இலை போடுவார்கள். நாங்கள் தூக்கிய செங்கல்லில் எழுந்த வாசலை நாங்கள் தாண்டக் கூடாது. இது தவறு என்று எனக்கு அப்போது தோன்றியதா என்று கேட்டால், தோன்றியது. ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அக்கா ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார். வேலூர்க்காரர். மொபெட்டில் எங்கள் தெருவுக்கு வருவார். எந்தத் தெரு, எந்த ஆளுங்க என்று சுற்றி வளைத்துக் கேட்பவர்களிடம், "வேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடிங்க, கேட்டா சொல்வாங்க" என்பார். கேட்டவர்கள் மேலே ஒன்றும் கேட்க முடியாமல் போய்விடுவார்கள். சீட்டு, சேமிப்பு, தையல் மிஷின் என்றுதான் மற்ற நிறுவனத்தார் பேசினார்கள். அக்கா மட்டும் எங்கள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் கைக்கு ஊசி எதுக்கு? கரணை கொடுத்தா போதும்" என்றார். என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனாரின் மனைவி, வாய் துடுக்குக்காரி. "கரணையை நீங்க குடுத்துடுவீங்க, சுவரை யாரு குடுப்பா?" என்று கேட்டாள். அக்கா பலமாகச் சிரித்தார். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கேள்வி அவர் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது.

நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு காலி இடத்தில் எங்களுக்குப் பயிற்சி நடந்தது. நான், ஓரகத்தி, எங்கள் தெருவிலிருந்து இன்னும் மூன்று பெண்கள். சிமெண்ட் வீணாகாமல் இருக்க மண் குழைத்துச் சுவர் கட்டுவோம். சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்போம். வரிசை சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்ப்போம். சாயங்காலம் அத்தனையையும் பிரித்துச் செங்கல்லைக் கழுவி அடுக்குவோம். "காலைல கட்டி சாயங்காலம் இடிக்கிறதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு டீ" என்பாள் ஓரகத்தி. ஆனால் அவள் கட்டிய மூலைதான் எல்லாவற்றிலும் நேராக நிற்கும். அதை இடிக்கும்போது அவள் அந்தப் பக்கமே திரும்ப மாட்டாள்.

முதல் சுவரை எங்களுக்குக் கொடுத்தவர் ஒரு டீச்சர். செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி அவருக்கு மனை இருந்தது. கணவர் காலமாகிவிட்டார். வெளியூர் ஆட்களுக்கு வாடகைக்கு விட இரண்டு அறை கட்ட வேண்டும் என்று நினைத்திருந்தார். அக்கா அவர் வீட்டுக்கு எத்தனை முறை நடந்தாரோ, கடைசியில் சம்மதம் வாங்கிக்கொண்டு வந்தார். இந்த இரண்டு அறையும் நன்றாக நின்றால் எங்களை ஊரில் கொத்தனார் என்று கூப்பிடுவார்கள், கொத்தனார் கூலி கேட்கலாம். இல்லாவிட்டால் சும்மாடுதான். அக்கா இதை எங்களிடம் சொல்லவில்லை. சொல்லாமலே எங்கள் ஐந்து பேருக்கும் தெரிந்திருந்தது.

செங்கல் வேலை தொடங்கிய முதல் நாளை நினைத்தால் இப்போதும் வயிறு வலிக்கச் சிரிப்பேன். கலவை பதமாக வந்தது. ஓரகத்தி, "ம், ஆவட்டும்" என்றாள். ஐந்து பேரும் பாண்டை நிரப்பித் தலையில் ஏற்றிக்கொண்டு வரிசையாக நடந்தோம். சுவர் எழும்ப வேண்டிய இடத்தில் போய் நின்றோம். நிமிர்ந்து பார்த்தால் எதிரில் யாருமில்லை. கலவையை வாங்கிக்கொள்ளச் சுவரோடு ஒருவர் நிற்பாரே, அவர் இல்லை. அந்த ஆள் நாங்கள்தான் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பயிற்சியில் அவரவர் மண்ணை அவரவர் குழைத்ததால் இது தெரியாமலே போயிற்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடைசியில் நின்றவள், "இன்னாடி, மேஸ்திரி டீ குடிக்கப் போயிட்டாரா?" என்றாள். அவ்வளவுதான். பாண்டைக் கூட இறக்காமல், கலவை தோளில் வழிய வழியச் சிரித்தோம்.

ஓரமாக நின்றுகொண்டிருந்த அக்கா மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, அஞ்சு பேரும் கொத்தனார்னு சண்டை போட்டு வாங்கினேன். சித்தாளுக்கு ஆள் கேட்கவே இல்லையே" என்றார். பிறகு செருப்பைக் கழற்றினார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். ஓரகத்தி சுருட்டிக் கொடுத்த சும்மாட்டை வைத்துக்கொண்டு பாண்டைத் தூக்கினார். நான் மேலே சொன்ன மூக்குக் கண்ணாடி சங்கதி அப்போது நடந்ததுதான். அன்று முதல் தினமும் அலுவலகம் போகுமுன் வந்து கலவை தூக்கினார். ஐவரில் மூத்தவள் என்பதால் என்னை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் உடம்பு கூசும். "அப்படிக் கூப்பிடாதீங்கக்கா" என்று கெஞ்சுவேன். "இன்னும் எத்தினி நாளைக்கு கூசும்னு பார்க்கறேன், மேஸ்திரி" என்பார்.

அடித்தளம் முடிந்து வாசக்கால் வைக்கும் நாள் வந்தது. வீடு கட்டுகிறவர்களுக்கு இது தெரியும். வாசக்காலை எந்தக் கொத்தனார் நிறுத்துகிறாரோ அவர்தான் அந்த வீட்டின் மேஸ்திரி. அவருக்குத்தான் தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், வேட்டி, துண்டு. பிறகு யார் எத்தனை சுவர் எழுப்பினாலும் ஊர் அந்த ஒருவர் பெயரைத்தான் சொல்லும். டீச்சர் வழக்கப்படி அந்தத் தட்டுச் சாமான்களும் மஞ்சளும் குங்குமமும் வாங்கி வைத்து, காலையிலேயே சர்க்கரைப் பொங்கல் செய்துவிட்டார். ராகுகாலத்துக்கு முன்பே முடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நாங்கள் குளித்துவிட்டு முதல் பஸ்ஸில் வந்திருந்தோம்.

அப்போது டீச்சரின் கணவருடைய அண்ணன், அந்த வீட்டுப் பெரியவர், வந்தார். பின்னாலேயே சைக்கிளில் ஒரு மேஸ்திரி. எனக்குப் பழக்கமானவர்தான். அவரிடம் நான் ஆறேழு கட்டடத்தில் கலவை தூக்கியிருக்கிறேன். பெரியவர் தட்டை மேஸ்திரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு டீச்சரிடம் சொன்னார்: "சுவர் யார் கட்டினா இன்னா, கட்டிட்டுப் போவட்டும். வாசக்கால் வேற. பொம்பளை கை வெச்சு, அதுவும் அந்தத் தெருப் பொம்பளைங்க கை வெச்சு நிறுத்தினா, நாளைக்கு நம்ம ஆளுங்க யாராச்சும் உள்ள வருவாங்களா?" டீச்சர் குங்குமக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா அப்போது கலவைப் பக்கத்தில் குனிந்திருந்தார். அவர் வந்து பேசுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தார். அவ்வளவு பேசுகிறவர் அன்று ஏன் பேசவில்லை என்று பல வருஷம் கழித்துக் கேட்டேன். "வாசக்கால் உங்களுது, நான் சித்தாள்தானே" என்றார்.

மேஸ்திரி கரணையைத் தட்டிக்கொண்டு வாசல் இடத்தில் போய் நின்றார். "ம், கலவை கொண்டாங்க" என்றார். பழக்கம் என்பது பொல்லாதது. என் கால் தானாகப் பாண்டுப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டது. அங்கேயே நின்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:

"வாசக்கால் வைக்கறதா இருந்தா வைக்கறோம்ங்க. கலவை தூக்க மாட்டோம்."

சத்தமாகக் கூடச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. ஓரகத்தி தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து உதறி, மடித்து இடுப்பில் செருகினாள். மற்ற மூவரும் அப்படியே செய்தார்கள். மேஸ்திரி சுற்றிப் பார்த்தார். தன்னோடு சித்தாளைக் கூட்டி வரவில்லை அவர். அங்கே ஐந்து பேர் இருக்கிறோம் என்று நம்பி வந்தவர். கடைசியில் தலையில் சும்மாடோடு நின்ற அக்கா அவர் கண்ணில் பட்டார்.

"ஏம்மா, புதுசா? நீயாச்சும் தூக்கினு வாம்மா" என்றார்.

அக்கா துளியும் சிரிக்காமல் சொன்னார்: "நான் இந்தம்மாகிட்ட வேலைக்கு வந்தவங்க. எங்க மேஸ்திரி சொன்னாதான் தூக்குவேன்."

ஓரகத்திக்கு அடக்க முடியவில்லை. "ஐயா, அவங்க எம்.ஏ.ங்க. அவங்களே எங்ககிட்ட சித்தாளாத்தான் சேர்ந்துகினு இருக்காங்க. நீங்க வேணா கேட்டுப் பாருங்க, ஒரு எடம் காலியா கீது" என்றாள். மேஸ்திரி என்னைக் கூர்ந்து பார்த்தார். "அடடே, நம்மகிட்ட கலவை தூக்கின பொண்ணு இல்ல நீ?" என்றார். பிறகு பெரியவர் பக்கம் திரும்பி, "சித்தாள் இல்லாம நான் ஒண்டியா இன்னாங்க பண்றது? கலவை தூக்கற வயசா எனக்கு?" என்று கேட்டு, கரணையைப் பையில் போட்டுக்கொண்டார்.

பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் டீச்சர் நகர்ந்தார். தட்டை எடுத்தார். "வீடு என்னுது மாமா. வாடகைக்கு வர்றவங்க மழைக்கு ஒழுகுதான்னு பார்ப்பாங்க, வேற எதையும் பார்க்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினார். நீட்டிய பிறகுதான் தட்டில் இருந்ததைக் கவனித்தார். "ஐயோ, வேட்டியும் துண்டுமால்ல இருக்குது. புடவை வாங்கலையே" என்று தவித்தார்.

"மேஸ்திரிக்கு எது வழக்கமோ அது இருக்கட்டுங்க" என்றேன். அன்று என்னை மேஸ்திரி என்று நானே சொல்லிக்கொண்டேன். கூசவில்லை. துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டேன். நான்கு பெண்கள் வாசக்காலைத் தூக்கி நிறுத்தினார்கள். நான் தூக்குக்குண்டு விட்டேன். நூல் ஆடி ஆடி நின்றது. அக்கா கலவை கொண்டு வந்து வைத்தார். டீச்சர் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். எதிரே மலை தெளிவாகத் தெரிந்தது. சைக்கிளில் வந்த மேஸ்திரி போகவில்லை. குத்துக்கல்லில் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டபடி, "இடது பக்கம் ஒரு நூல் அளவு தட்டும்மா" என்றார். தட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது தப்பு, முன்பே நேராகத்தான் இருந்தது. பழையபடி திருப்பித் தட்டி வைத்தேன். அவரும், "அட, ஆமா" என்றார். பெரியவர் மட்டும் சாப்பிடாமல் போய்விட்டார்.

இப்போது எங்கள் சங்கத்தில் கரணை பிடிக்கும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லாரும் நல்ல கூலி வாங்குகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கும் பேரம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்று வேலூரிலேயே இருக்கிறார். போன் செய்தால், "சொல்லுங்க மேஸ்திரி" என்றுதான் எடுப்பார்.

வாசக்கால் வைத்த மறுநாள் அக்கா வரவில்லை. கழுத்து பிடித்துக்கொண்டதாம். கலவை தூக்க டீச்சர் இரண்டு ஆட்களை வைத்திருந்தார். இருவரும் ஆண்கள். ஓரகத்தி அவர்களுக்குச் சும்மாடு சுருட்டிக் கொடுத்தாள். மத்தியானத்துக்குள் நான்கு வரிசை ஏறியது.