தெருக்கடைசி ரூமில் எங்கள் வீட்டு வைஃபை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை. மெஷின் நின்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும், தேடினால் அகப்படும், அவ்வளவுதான் நான் நம்புவது. நீங்கள் இதை நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அப்போது பென்னலூரில் வாடகைக்கு இருந்தோம். தீபாவளி முடிந்த வாரம், எங்கள் தெருவில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த தெற்கத்திப் பிள்ளைகள் பாதிப்பேர் ஊரிலிருந்து திரும்பவில்லை. காலை ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, வீட்டுக்குள் வந்து போனைப் பார்த்தால் எங்கள் வைஃபையைக் காணோம். லிஸ்ட்டில் பேரே இல்லை. என் மனைவி அம்பிகா ஸ்ரீபெரும்புதூர்க்காரி. தன் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"என்துல ஃபுல்லா கீது. உன் போனுக்கு இன்னா வந்துச்சு?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. போனை அணைத்துப் போட்டேன். ரவுட்டரைப் பிடுங்கிச் சொருகினேன். கடைசியில் போனில் சேமித்திருந்த வைஃபை பேர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் அழித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டாள், போகவில்லை. ரவுட்டர் பக்கத்திலேயே கிடைக்காதது தள்ளிப் போனால் கிடைக்கிறதா பார்ப்போமே என்று போனைக் கையில் பிடித்தபடி தெருவில் இறங்கினேன்.

நம்புங்கள், தெருக்கடைசியில் இருந்த ரூம் வரிசைக்கு முன்னால் எங்கள் வைஃபை பேர் வந்தது. சிக்னல் கோடு முழுசாக. பாஸ்வேர்டு கூடக் கேட்காமல் தானாகச் சேர்ந்துகொண்டது. நான்தான் எல்லாவற்றையும் அழித்துவிட்டேனே, எப்படி? எவனோ நம் பேரிலேயே ஒன்று வைத்து விளையாடுகிறான், இன்றைக்கு அவனைப் பிடிக்காமல் விடுவதில்லை என்று அம்பிகாவுக்கு போன் போட்டு, நம் ரவுட்டரை அணைக்கச் சொன்னேன். அவள் அதைக் கையிலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள், ஒயர் பின்னால் தொங்க.

"தோ, கயட்டி எடுத்துகினு வந்துட்டேன். இப்ப இன்னா காட்டுது?"

அப்போதும் கோடு முழுசாகத்தான் இருந்தது.

கடைசி ரூம் கதவுக்குப் பக்கத்தில்தான் வேகம் அதிகம். தட்டினேன், பதில் இல்லை. கத்தினேன். அம்பிகா ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்தவள் அலறிவிட்டாள்.

"ஐயோ, ஒரு பொண்ணு கீய வியுந்து கெடக்குதுபா!"

உள்தாழ்ப்பாள். தோளால் மோதி, உதைத்து, எப்படியோ உடைத்தேன். சுருண்டு கிடந்த பெண்ணின் உடம்பு அடுப்பாகக் கொதித்தது. ஆட்டோ பிடித்து தண்டலம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

நான் விடுவேனா? திரும்பி வந்து ரூம் ஓனரைக் கூப்பிட்டு அந்த வரிசை முழுக்கத் திறந்து பார்த்தேன், பரண் வரைக்கும் ஏறினேன். ரவுட்டர் இல்லை, ஒயர் இல்லை. அந்தப் பெண்ணிடம் இருந்தது சார்ஜ் தீர்ந்த ஒரு பட்டன் போன். வீட்டுக்குப் போய் ரவுட்டரைச் சொருகினேன். என் போனில் எங்கள் வைஃபை வந்தது, சமர்த்தாக பாஸ்வேர்டு கேட்டது.

அவள் பேர் மாரிச்செல்வி. சாத்தூர் பக்கம். தேறி உட்கார்ந்ததும் பார்க்கப் போனோம். அந்தப் பெண் அம்பிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"விடியக்காலைல இருந்து வாசப்படியில உக்காந்து, 'பயப்படாத, கதவ ஒடச்சிருவேன்'னு சொல்லிக்கிட்டே இருந்தீங்களேண்ணே. அதக் கேட்டுத்தான் உசுரப் புடிச்சிக்கிட்டுக் கெடந்தேன்."

"வேற யாராவது இருக்கும்மா."

"இல்லண்ணே. இதே கொரலுதான்."

காலை முழுக்க நான் ஒரகடத்தில், லைனில், மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நின்றேன். சூப்பர்வைசரே பக்கத்தில் இருந்தார். அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ மெஷின் பார்த்துவிட்டேன். ஆனால் வேலையில் மும்முரமாக இருக்கும்போது திடீரென்று கை நின்றுவிடும். இப்போது நான் எந்த வாசலில் உட்கார்ந்து, யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறேனோ.