ஆமென் மட்டும் சொல்கிறவன்

எங்கள் வீட்டில் ஜெபிக்கிறது என் மனைவி. ஆமென் சொல்கிறது நான். கல்யாணமான புதிதிலிருந்தே இப்படித்தான். யாரும் பேசி முடிவு செய்ததில்லை.

சாயங்காலம் ஏழு மணியானால் பாயை விரிப்பாள். ஒரு பாட்டு, வேதத்தில் ஒரு அதிகாரம், அப்புறம் கண்ணை மூடி ஜெபம். அவள் ஜெபத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நன்றி சொல்வாள். பிறகு நாடு, மழை, ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்கள், துணையில்லாதவர்கள். எல்லாரும் முடிந்து கடைசியில்தான் எங்கள் வீடு வரும். அந்த நேரத்தில் அவள் பேசுகிற தமிழே வேறு. "தேவரீர்" என்பாள், "கிருபையாய்ச் செய்தருளும்" என்பாள். கொஞ்சம் முன்னால் அடுப்படியில் "தண்ணி லாரி வந்துச்சா இல்லையா" என்று கேட்ட வாய்தானா இது என்று இருக்கும். கடைசியில் ஆமென் சொல்லி, மனப்பாடமான பரமண்டல ஜெபத்தை மூணு பேரும் சேர்ந்து சொல்லி, ஒருவருக்கொருவர் கைகூப்பி "ஸ்தோத்திரம்" சொல்வோம். மகள் கல்யாணமாகி ஓசூருக்குப் போன பிறகு இரண்டு பேர்.

நான் ஆறாவதோடு படிப்பை நிறுத்தினவன். வாசிக்கத் தெரியும், ஆனால் விரல் வைத்துத்தான் வாசிப்பேன். அந்தத் தமிழ் எனக்கு வராது. ஒருமுறை வீட்டு ஜெபக் கூட்டத்தில் எங்கள் சபை உபதேசியார், "இப்ப அண்ணன் ஜெபிப்பாக" என்று சொல்லிவிட்டார். "அன்பின் பரலோகப் பிதாவே" வரைக்கும் வந்தது. அதற்கு மேல் நாக்கு நகரவில்லை. எனக்குப் பின்னாலிருந்து என் மனைவி, முன்பே சொல்லிவைத்தது போல, அடுத்த வார்த்தையிலிருந்து எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு யாரும் என்னைக் கேட்டதில்லை. எனக்கும் நிம்மதிதான்.

பயம் எனக்குக் கூடப்பிறந்தது. அருப்புக்கோட்டைக்குப் போன மனைவி வர வேண்டிய பஸ்ஸில் வரவில்லையென்றால், அடுத்த பஸ் வருவதற்குள் நான் மனசுக்குள் சாவுச் சடங்கு எல்லாவற்றையும் முடித்துவிடுவேன். தொழிலும் அப்படி அமைந்துவிட்டது. திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவன் நான். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மேலே தழையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீயைப் புகையவிட வேண்டும். எங்காவது மண் சரிந்து காற்று புகுந்தால் அத்தனையும் சாம்பல். அதனால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பயந்தவனுக்கு ஏற்ற வேலை.

மகளுக்கு ஏழாம் மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. படுத்தே இருக்கணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்குக் கம்பெனியில் ஷிப்டு. என் மனைவி போயே ஆக வேண்டும். மூட்டத்துக்குத் தீ வைத்திருந்ததால் நான் போக முடியாது. ஒன்று ஆறினால் அடுத்தது காத்திருக்கும்.

பந்தல்குடியில் பஸ் ஏற்றிவிடும்போது சன்னல் வழியாகச் சொன்னாள். "சோத்தை ஆக்குங்க, ஆக்கலைன்னா கடையில தின்னுங்க. ஏழு மணி ஜெபத்தை மட்டும் விட்டுறாதீக. புள்ளைக்கு இது சோதனையான நேரம். வீட்டுல அது நிக்கப்படாது."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் கேட்டது வேறு மாதிரி. ஜெபம் நின்றால் மகளுக்கு ஏதாவது ஆகிவிடும். அந்தப் பொறுப்பு இப்போது என் தலையில்.

அன்று மூட்டத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டு, குளித்து, ஏழு மணிக்குப் பாயை விரித்து உட்கார்ந்தேன். பாட்டை விட்டுவிட்டேன். வேதத்தில் ஒரு சங்கீதத்தை விரல் வைத்து வாசித்தேன். ஆளில்லாத வீட்டில் என் சத்தம் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அப்புறம் கண்ணை மூடினேன். மூடிக்கொண்டு எதற்கோ காத்திருந்தேன். அவள் தொடங்குவாள் என்று காத்திருக்கிறேன் என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் உறைத்தது. ஜெபமே இல்லாமல் ஆமென் எப்படிச் சொல்வது? பரமண்டல ஜெபத்தை மட்டும் சொல்லி எழுந்தேன். பழக்கத்தில் கை கூப்பி வலப்பக்கம் திரும்பினேன். சுவர்தான் இருந்தது.

மறுநாள் தீப்பெட்டி வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போனால் கடைக்காரம்மா பிடித்துக்கொண்டது.

"என்னண்ணே, மதினி ஊர்ல இல்லைன்னா சாமியும் லீவா?"

"ஏம்மா?"

"பாட்டுச் சத்தம் கேக்கலையே. அதைக் கேட்டுத்தான் நான் உலை வைப்பேன். நேத்து உலை வைக்க நேரமாகி, எங்க வீட்டுக்காரரு என்னையப் புடிச்சுத் திட்டுறாரு."

"எனக்குப் பாட வராதும்மா."

"ஆமா, நீங்க பாடி நாங்க உலை வைக்கவா? இருக்கிற மழையும் ஓடிப்போயிரும்."

சிரித்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் மூட்டத்தடியில் உட்கார்ந்திருக்கும்போது அந்த வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. அடுத்த வீட்டுக்கே தெரிகிறது, மேலே தெரியாதா?

ராத்திரிச் சோற்றுக்கு முன் என் மனைவி போன் போட்டாள்.

"ஜெபம் பண்ணீகளா?"

"உக்காந்தேன்."

"உக்காந்தது சரி. பண்ணீகளா?"

"பரமண்டல ஜெபம் மட்டும் சொன்னேன்" என்றேன். "சரி, நாளையிலயிருந்து ஏழு மணிக்கு நான் போன் போடுறேன். நான் இங்க ஜெபிக்கிறேன், நீங்க அங்க ஆமென் சொல்லுங்க" என்றாள்.

எனக்கு மூச்சு வந்தது.

அப்படியே நடந்தது. ஏழு மணிக்கு போன் வரும். ஸ்பீக்கரில் போட்டுப் பாயில் வைத்துவிடுவேன். வரிசை மாறாமல் ஜெபிப்பாள், கடைசியில் நான் ஆமென் சொல்வேன். போனை வைத்ததும் வீடு முன்னைவிடக் கூடுதலாக வெறிச்சோடும். எங்கள் ஊரில் எங்கள் சபை ஆட்கள் வீடு மூன்று. இரண்டு பூட்டிக் கிடக்கிறது, திருப்பூரில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சபைக் கோயிலில் குருவானவர் வருகிற வாரம் ஆராதனை, வராத வாரம் உபதேசியார் ஒரு ஜெபம் சொல்லி அனுப்பிவிடுவார். மற்ற நாளெல்லாம் நானும் மூட்டத்துப் புகையும். யாரிடமாவது "பயமா இருக்குய்யா" என்று சொல்லலாம் என்றால், யாரிடம் சொல்வது? மனைவியிடம் சொன்னால் அவள் உடைந்துவிடுவாள். அங்கே அவள் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

ஒருநாள் மத்தியானம் மாப்பிள்ளை போன் செய்தார். "மாமா, அழுத்தம் எறங்கலை. ஆஸ்பத்திரியில சேத்துட்டோம். காலு முகமெல்லாம் வீங்கியிருக்கு. பொறுத்துப் பாப்போம்னு சொல்றாக. நீங்க பதறாதீக."

பதறாதீக என்று சொன்னால் பதறாமல் இருக்கிறவன் வேறு ஆள். அன்று மூட்டத்தைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தேன். மண் சரியாத இடத்திலெல்லாம் மண்ணை அள்ளிப் போட்டேன்.

ஏழு மணிக்கு போன் வந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலிருந்து பேசினாள். பின்னால் ஆள் நடமாட்டம், தள்ளுவண்டிச் சத்தம். "கண்ணை மூடுங்க" என்று தொடங்கினாள். அன்று வரிசை இல்லை. நாடும் இல்லை, மழையும் இல்லை. நேராக மகளிடம் வந்துவிட்டாள். "ஆண்டவரே, எங்க பிள்ளையை" என்றாள். அதோடு நின்றது.

நான் கண்ணைத் திறக்கவில்லை. ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறக்கிறது எங்கள் வீட்டில் கிடையாது, சின்ன வயதில் மகள் திறந்ததற்கு அடி வாங்கியிருக்கிறாள். என் மனைவிக்கு ஜெபத்தில் அழுகை வந்தால் இப்படித்தான் நின்றுபோகும். விழுங்கிக்கொண்டு மறுபடி தொடங்குவாள். நான் காத்திருந்தேன். தொடங்கவில்லை. அவள் அங்கே முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருக்கிறாள் என்றே நினைத்தேன். போகிறவர் வருகிறவர் பார்த்துக்கொண்டு போவார்கள். அன்று கூட்டத்தில் எனக்கு நாக்கு நின்றபோது அவள் எடுத்துக்கொண்டாள். இப்போது இங்கே நான் ஒருத்தன்தான் இருக்கிறேன்.

"ஆண்டவரே" என்றேன்.

அந்தத் தமிழ் வரவில்லை. என்னிடம் இருக்கிற தமிழ்தான் வந்தது. "எங்க பாப்பாவுக்கு வீக்கம் வத்தணும். அழுத்தம் எறங்கணும். டாக்டரம்மாவுக்குப் புத்தியக் குடுங்க. பாப்பாவோட அம்மா பாவம், சரியாத் தூங்கியிருக்க மாட்டா. இவளுக்குத் தெம்பக் குடுங்க." மனைவி கேட்கிறாள் என்ற நினைப்பில் தைரியமாகவே பேசினேன். எல்லாம் நல்லபடியாக முடியும், நீங்கள் கைவிட மாட்டீர்கள் என்றெல்லாம் சொன்னேன். எனக்கே நம்பிக்கை இல்லாததையும் சொன்னேன்.

சொல்லிவிட்டு அவள் ஆமென் சொல்லக் காத்திருந்தேன். ஒரு விசும்பல்கூட இல்லை. கண்ணைத் திறந்தேன். போன் இருண்டு கிடந்தது. எப்போதோ கட் ஆகியிருக்கிறது. திருப்பிக் கூப்பிட்டேன், அவள் போன் அணைந்திருப்பதாகச் சொன்னது. மாப்பிள்ளை எடுக்கவில்லை.

கேட்க ஆளே இல்லாமல் நான் பேசியிருக்கிறேன். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு, மாப்பிள்ளை ஏன் எடுக்கவில்லை என்று நினைப்பு ஓடியது. எழுந்து வாசல் வரை போனேன். போய் என்ன செய்ய? திரும்பி வந்து அதே பாயில் உட்கார்ந்தேன். இப்போது மனைவிக்காக எதையும் மறைக்க வேண்டியதில்லை. கண்ணைக்கூட மூடவில்லை. "எனக்குப் பயமா இருக்கு" என்று சொன்னேன். "எம்புள்ள செத்துப்போயிருமோன்னு பயமா இருக்கு. இந்த வீட்டுல ஒத்தையில இருக்க முடியலை. சோறு எறங்கலை. நீங்க கேக்கீகளா இல்லையான்னுகூட எனக்குத் தெரியலை." இன்னும் என்னென்னவோ. அவளிடம் சொல்லாதது, யாரிடமும் சொல்லாதது. பேசிப் பேசி ஒரு இடத்தில் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஆமென் என்றேன். என் ஜெபத்துக்கு நான் சொன்ன முதல் ஆமென் அதுதான்.

பயம் போகவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதுவரை அது எனக்குள் மட்டும் இருந்தது. இப்போது ஒருவர் முன்னால் இறக்கி வைத்தது போல இருந்தது. தினமும் ஜெபியுங்கள் என்று கோயிலில் சொல்லும்போதெல்லாம், அதை நான் பள்ளிக்கூடத்து வீட்டுப்பாடம் மாதிரி நினைத்திருந்தேன். செய்யாவிட்டால் அடி விழும். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

பிறகு மாப்பிள்ளை போனிலிருந்து அவள் பேசினாள். "சார்ஜு போயிருச்சுங்க. ஜெபம் பாதியில நின்னுபோச்சே, மனசே சரியில்லை."

"நிக்கலை. நான் முடிச்சிட்டேன்."

"நீங்களா?"

"ம்."

நம்பினாளோ என்னவோ, "சரி" என்றாள்.

மகளுக்கு எட்டாம் மாதத்திலேயே ஆபரேசன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. கைக்கு அடங்குகிற அளவுதான், கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து கொடுத்தார்கள். இரண்டு உயிரும் பிழைத்துவிட்டது. ஆனால் அந்தக் குழந்தையைத் தேற்றி எடுக்க என் மனைவி இன்னும் பல மாதம் அங்கேதான் இருக்க வேண்டும். போனில் குழந்தையைக் காட்டுவாள். அது தூங்கிக்கொண்டிருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஓசூர் வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் போனில் சொன்னாள். "ஆஸ்பத்திரி அலைச்சல்ல விட்டுப்போச்சு. நாளையிலயிருந்து பழையபடி ஏழு மணிக்குப் போடுறேன்."

"எட்டு மணிக்குப் போடு" என்றேன். "ஏழு மணிக்கு நான் ஜெபத்துல இருப்பேன்."

"யாரு வாராக வீட்டுக்கு? உபதேசியாரா?"

"யாரும் வரலை. நான் மட்டும்தான்."

அந்தப் பக்கம் சிணுங்குகிற குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற சத்தம் கேட்டது.

"நல்லதுதான்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "இங்க மாப்பிள்ளை ஷிப்டுக்குப் போயிருவாக. நம்ம மக அசந்து தூங்கிருவா. நானா ஜெபிச்சு நானா எந்திரிக்கணும். எனக்கு ஆமென் சொல்ல இங்க யாரு இருக்கா?"

அவளுக்கும் அது வேண்டியிருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் நான் நினைத்ததே இல்லை.

"எட்டு மணிக்குப் போடு" என்றேன். "நான் இருக்கேன், சொல்லுறேன்."